ஏழாவது நிலை

பதினொரு நாடாக்கள்.
ஒவ்வொன்றிலும் ஊதாப் பேனையில் திகதி,
ஆவணி, தொண்ணூற்று மூன்று.
இணுவிலில் ஒரு கோயில், பத்து இரவு நாதஸ்வரம்.
பதினோராவது வெறும் நாடா. அதையும் கணினியில் ஏற்றினேன்,
வெறுமைக்கும் ஒரு சராசரி உண்டு.

மாதிரியிடம் நான் கேட்டது சின்னக் கேள்வி:
இந்தச் சுரத்தில் நிற்பவர்
அடுத்து எங்கே போவார்?
தோடியில், காந்தாரத்தில் நின்றால்
நூற்றுக்கு நாற்பத்தொன்று ரிஷபத்துக்கு,
முப்பத்தெட்டு மத்திமத்துக்கு,
மிச்சம் அங்கேயே நின்று அசைவதற்கு.
அவர் எண்ணி ஊதவில்லை.
எண்ணியது நான்.

மறைந்திருக்கும் நிலைகள் ஏழு என்று வைத்தேன்.
ஏன் ஏழு என்றான் யதுர்சன்.
ஆறு போதவில்லை,
எட்டுக்குக் கணினி கொதித்தது, திருநெல்வேலி வெயிலில்
அதற்கு மேல் தத்துவம் ஒன்றுமில்லை.

ஆறுக்குப் பெயர் வைக்க முடிந்தது.
ஏறுதல். இறங்குதல்.
ஒரு சுரத்தைப் பிடித்து உலுக்குதல்.
மூச்செடுத்தல்.
தவிலுக்கு வழிவிட்டு ஒதுங்குதல்.
சீவாளி மாற்றுகிற இடைவெளி.

ஏழாவதில் மட்டும்
எல்லாம் கூட்டமாக மேலே நகர்ந்தன,
அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக.
தவில் நகர்ந்தது.
சனத்தின் இருமல் நகர்ந்தது.
ஒத்தும் நகர்ந்தது.
ஒத்து நகரக் கூடாது. நகராமல் இருப்பதற்குத்தான் அதற்குச் சம்பளம்.

மாதிரி தானாக ஊதிய தோடியிலும் அது வந்தது.
நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த ஆலாபனை
திடீரென்று குதிக்கால் உயர்த்தி
எதையோ எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் நடவாததுபோல் இறங்கியது.
"இரைச்சல் அக்கா. வெட்டி எறியுங்கோ."

வெட்டவில்லை. விசாரித்தேன்.
அந்த வருசம் கரண்ட் இல்லை.
தேர்முட்டிக்குப் பின்னால்
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோ பூட்டி,
ஒரு பொடியன் மிதிக்க மிதிக்க
ரெக்கோடர் ஓடியிருக்கிறது.
மிதி தளர்ந்தால் நாடா மெதுவாகும்.
மெதுவாய்ப் பதிந்ததை ஒழுங்கான வேகத்தில் போட்டால்
சுருதி ஏறும்.
களைப்பு, மேலே ஏறுகிற ஒன்றாய் வந்து சேர்ந்திருக்கிறது!
பசி, தடை, பதினைந்து வயதுக் கால்கள் என்று
இரண்டு பக்கம் எழுதினேன்.
எழுதியதை வாசித்து எனக்கே கண் கலங்கியது.

பொடியன் இப்போது மல்லாகத்தில்
எண்ணெய் நிரப்பு நிலையத்தில் கணக்கு எழுதுகிறார்.
பெயர் குலவீரசிங்கம்.
காதுக்கருவியை மாட்டிக் கேட்டார்.
"களைப்போ? எனக்கோ? ஆர் சொன்னது?"
சங்கிலி கழன்றிருக்கும் என்றார்.
சங்கிலி கழன்றால் நின்றுவிடும், அண்ணை, இது நிற்கவில்லை.

சாப்பாட்டுக் கரியரோடு வந்த தங்கச்சி நகுலாம்பிகைதான்
சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னா:
"ஒன்பதரைக்கு அவள் தாயோடை வருவாள்,
தேர்முட்டியாலைதான் உள்ளுக்குப் போறது.
இவர் மிதிக்க மறந்துபோடுவார்."
"சும்மா இரு நகுலா."

நேரம் பார்த்தேன். ஏழு இரவும்
ஒன்பதரைக்குப் பக்கத்தில்,
ஏழு இரவும் பதினொரு செக்கனுக்கு மேல் இல்லை.
அவர் வரைபைப் பார்க்கவில்லை,
பம்புக்கு வந்த ஓட்டோவைப் பார்த்தபடி சொன்னார்:
"எட்டாம் நாளிலையிருந்து நேராத்தான் இருக்கும்.
அவை கிளாலியாலை போட்டினம்."

நேராகத்தான் இருந்தது.
மூன்று இரவு, அப்பழுக்கில்லாத தோடி.

இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.
அட்டவணையில், ஏழாவது நிலைக்கு எதிரே,
காரணம் என்ற கட்டத்தில்
மின்வழங்கல் என்று எழுதினேன்.
பொய் இல்லை.

ஆய்வுகூடத்தில் இரவு ஆளில்லாமல்
அது ஊதிக்கொண்டிருக்கிறது.
எந்தக் கோயில், எந்தப் படலை, ஆர் போகிறாள்,
ஒன்றும் அதற்குத் தெரியாது.
என்றாலும் அந்த இடம் வந்தால்
நூற்றுக்கு எழுபது தரம்
கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது.